5 வயதுப் பிள்ளைக்கு வீட்டிலேயே சூப்பர்ஹீரோ கவசம்: பெங்களூருவில் எதை வாங்குவது, எப்படிச் செய்வது

பள்ளி மாறுவேட நிகழ்ச்சிக்காக 4 முதல் 7 வயதுப் பிள்ளைக்கு நெஞ்சு, முதுகு, தோள், முன்கை, கணைக்கால், தலை என்று ஒரு முழுக் கவசத்தை ஃபோம் ஷீட்டில் செய்வதற்கான வழிமுறை இது. தையல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கட்டர் பிடிக்கத் தெரிந்தால் போதும்.

இணையத்தில் கிடைக்கும் காணொளிகள் பெரும்பாலும் பெரியவர்கள் போட்டுக்கொள்ளும் கவசத்துக்கானவை. பிள்ளை தரையில் சம்மணம் போட்டு உட்காரும், பாத்ரூம் போகும், வேர்த்துக் கொட்டும், பத்தாவது நிமிடம் "கழட்டு" என்று அழும். இந்த நாலுக்கும் ஈடுகொடுக்கிற கவசம்தான் மேடை வரை போய்ச் சேரும். கீழே வரும் அளவுகளும் இணைப்புகளும் அதை மனதில் வைத்தவை.

செலவு ஹீட் கன் (ஃபோமை வளைக்கச் சூடான காற்று ஊதும் கருவி) இல்லாமல் ஏறக்குறைய 1,500 முதல் 2,000 ரூபாய். ஹீட் கன்னும் வாங்கினால் இன்னும் 800 முதல் 1,500 வரை கூடும். நேரம் இரண்டு வாரம். நிகழ்ச்சிக்கு 5 நாள்தான் இருக்கிறது என்றால் இதில் இறங்காதீர்கள், வாடகைக்கு எடுத்துவிடுங்கள். பசையும் பெயின்டும் காய்வதற்குக் குறுக்கு வழி கிடையாது.

1. கத்தரியை எடுக்கும் முன் காகிதங்கள்

பள்ளிச் சுற்றறிக்கையை முழுதாகப் படியுங்கள். முகத்தை மறைக்கலாமா, கையில் வாள், துப்பாக்கி மாதிரிப் பொம்மைகள் அனுமதியா, பிள்ளை வீட்டிலிருந்தே உடுத்தி வர வேண்டுமா, மேடையில் எத்தனை நிமிடம் என்று நாலு விஷயம் பாருங்கள். ஆயுதப் பொம்மை வேண்டாம் என்று சொல்லும் பள்ளிகள் நிறைய. சுற்றறிக்கையில் எழுதாவிட்டாலும் வகுப்பு ஆசிரியையிடம் கேட்டுக்கொள்வது நல்லது. வேனில் போகும் பிள்ளை என்றால் கவசத்தைப் பையில் கொடுத்தனுப்ப முடியுமா என்பதையும் இப்போதே கேளுங்கள். அதைப் பொறுத்துத்தான் யார் மாட்டிவிடப் போகிறார்கள் என்பதும், இணைப்பு எவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்பதும் முடிவாகும்.

இரண்டாவது காகிதம் அளவுச் சீட்டு. மூன்றாவது, இணையத்திலிருந்து எடுக்கும் அச்சு வரைபடம். இந்த இரண்டுக்கும் கீழே தனித்தனியாக வருகிறேன். கடை ரசீதுகளையும் வைத்திருங்கள். பிரிக்காத ஷீட்டை மாற்றித் தரும் கடைகள்கூட ரசீது இல்லாமல் அசைய மாட்டார்கள்.

2. அளவு: நின்றும் எடுங்கள், உட்கார்ந்தும் எடுங்கள்

தையல்காரர் டேப்பால், பிள்ளை உள்ளே போடப்போகும் முழுக்கை பனியனும் டிராக் பேன்ட்டும் போட்ட நிலையில் எடுக்க வேண்டும். 110 செ.மீ. உயரமுள்ள 5 வயதுப் பிள்ளைக்குச் சராசரியாக வரும் அளவுகள்: தலைச்சுற்று 51, மார்புச்சுற்று 55, மணிக்கட்டு 12.5, முழங்கைக்குக் கீழே 17 செ.மீ. உங்கள் அளவு இதிலிருந்து மிகவும் விலகினால் மறுபடி எடுத்துப் பாருங்கள்.

நெஞ்சுக்கவசத்தின் நீளத்தில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். நின்றபடி இடுப்பு வரை அளந்து வெட்டினால், பிள்ளை உட்கார்ந்ததும் கவசத்தின் கீழ்விளிம்பு தொடையில் முட்டி, மேல்விளிம்பு தாடையை இடிக்கும். பிள்ளையைத் தரையில் உட்காரவைத்து, கழுத்துக் குழிக்கு 3 செ.மீ. கீழே தொடங்கி, தொடை மடிப்புக்கு இரண்டு விரற்கடை மேலே முடியுங்கள். இந்த உயரப் பிள்ளைக்கு 18 முதல் 20 செ.மீ. தான் வரும். நிற்கும்போது கொஞ்சம் குட்டையாகத் தெரியும். அந்த இடத்தை அகலமான பெல்ட் மறைத்துவிடும்.

சுற்றி வளைக்கும் பகுதிகளுக்கு ஒரு கணக்கு உண்டு. 5 மி.மீ. ஷீட்டை உருட்டினால் அதன் உள்சுற்று வெளிச்சுற்றைவிடக் குறையும். ஆகவே உடம்பின் சுற்றளவோடு தடிமனுக்காக 1.5 செ.மீ., தளர்வுக்காக 2 செ.மீ. சேர்த்து வெட்டுங்கள். 12.5 செ.மீ. மணிக்கட்டுக்கு 16 செ.மீ. பட்டை வேண்டும்.

3. பொருள்: எது, எவ்வளவு, எங்கே

கடையில் "ஈவா ஷீட்" என்று கேளுங்கள். செருப்பு அடிப்பாகத்துக்குப் போகும் அதே பொருள்தான். செருப்புத் தயாரிப்புக்கான மூலப்பொருள் விற்கும் கடைகளில் பெரிய ஷீட்டாக, பல தடிமனில் கிடைக்கும். ஸ்டேஷனரி கடைகளில் கலர் கலராக ஏ4 அளவில் தொங்குவது 2 மி.மீ. ரகம். உங்களுக்கு இரண்டும் வேண்டும்.

5 மி.மீ. ஷீட்: ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர். கவசத்தின் எல்லாப் பகுதிகளும் சேர்ந்து அதில் பாதியைத்தான் பிடிக்கும். மீதி தவறாக வெட்டுவதற்கு. கறுப்பு நிறம் கிடைத்தால் அதையே வாங்குங்கள், பெயின்ட் உரிந்தாலும் கண்ணை உறுத்தாது.

2 மி.மீ. ஏ4 ஷீட்: 8 முதல் 10. விளிம்புக் கோடுகள், சின்னம், ஷூ மூடி, விரல் தகடு எல்லாம் இதில்.

ஃபெவிகால் எஸ்ஆர் வகைப் பசை, அதாவது செருப்புக்கும் ரெக்ஸினுக்கும் போடும் மஞ்சள் பசை: 200 மி.லி. போதும்.

வெள்ளை ஃபெவிகால் 200 கிராம், அக்ரிலிக் பெயின்ட் அல்லது ஸ்ப்ரே பெயின்ட், 25 மி.மீ. அகல வெல்க்ரோ 2 மீட்டர், அதே அகல எலாஸ்டிக் 3 மீட்டர், 18 மி.மீ. கட்டரும் ஒரு டப்பி மாற்று பிளேடும், மாஸ்கிங் டேப், பழைய பனியன் ஒன்று, சமையலறை கிளிங் ஃபிலிம்.

அலைவதைக் குறைக்க வேண்டுமானால் கிரீன் லைன் மெட்ரோவில் சிக்பேட்டை நிலையத்தில் இறங்குங்கள். அவென்யூ ரோட்டில் ஸ்டேஷனரி, மாமூல்பேட்டைப் பக்கம் எலாஸ்டிக், வெல்க்ரோ, லேஸ், அங்கிருந்து நடக்கும் தூரத்தில் எஸ்.பி. ரோட்டில் விளக்கும் பேட்டரிப் பெட்டியும். இந்தப் பேட்டைகளில் தமிழில் கேட்டாலும் வேலை நடக்கும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் அடைப்பு. சனிக்கிழமை காலை 11 மணிக்கு மேல் போவது உத்தமம். திரும்பும்போது கவனியுங்கள்: ஸ்ப்ரே பெயின்டும் மஞ்சள் பசையும் எளிதில் தீப்பற்றுபவை, மெட்ரோ சோதனையில் நிறுத்திவிடுவார்கள். அந்த இரண்டை மட்டும் வீட்டுப் பக்கத்து ஹார்டுவேர் கடையில் வாங்குங்கள்.

வாங்கும்போது மூன்று பொறிகள்.

முதலாவது, ஈவா என்று சொல்லிப் பேக்கிங் ஃபோமைக் கொடுத்துவிடுவது. வெள்ளையாக, தூக்கினால் கனமே தெரியாமல், உற்றுப் பார்த்தால் குமிழ் குமிழாக இருப்பது பேக்கிங் ஃபோம். நகத்தால் அழுத்தினால் தடம் அப்படியே நிற்கும். ஈவாவில் தடம் மெல்ல மறையும். பேக்கிங் ஃபோம் சூட்டில் வடிவம் பிடிக்காது, பெயின்டும் ஒட்டாது.

இரண்டாவது, தெர்மாகோல். மலிவு, வெட்ட எளிது. மஞ்சள் பசையோ ஸ்ப்ரே பெயின்டோ பட்ட நிமிடம் கரைந்து ஓட்டையாகிவிடும்.

மூன்றாவது, தரையில் கோத்துப் போடும் குழந்தைப் பாய். இதுவும் ஈவாதான், ஆனால் 10, 12 மி.மீ. தடிமன். முன்கையில் சுற்றினால் சுற்றளவில் கிட்டத்தட்ட 4 செ.மீ. தடிமனுக்கே போய்விடும். பிள்ளை கையைத் தொங்கவிட முடியாமல் விரித்துக்கொண்டே நடக்கும். வீட்டில் கிடக்கிறதே என்று அதை எடுக்காதீர்கள்.

4. அச்சு எடுப்பது

இணையத்தில் இலவசமாகவும் விலைக்கும் வரைபடங்கள் கிடைக்கும். பெரும்பாலும் 175 செ.மீ. உயரப் பெரியவருக்கானவை. 110-ஐ 175-ஆல் வகுத்து எல்லாவற்றையும் 63 சதவீதமாகச் சுருக்கி அச்சடித்தால் தலைக்கவசம் பொம்மைக்குக்கூட நுழையாது. பிள்ளையின் தலை, உடம்பு சுருங்கும் விகிதத்தில் சுருங்குவதில்லை. பெரியவர் தலைச்சுற்று 57, பிள்ளையுடையது 51. ஆக தலைக்கவசத்துக்கு 90 சதவீதம். முன்கைக்கு நீளம் 63 சதவீதம், சுற்றளவு 73 சதவீதம். ஒவ்வொரு பகுதிக்கும் தனியாகக் கணக்குப் போட்டு, பக்கத்தின் ஓரத்தில் எழுதி வையுங்கள்.

ஜெராக்ஸ் கடையில் அச்சடிக்கும்போது "பக்கத்துக்குப் பொருத்து" என்ற அமைப்பை எடுத்துவிட்டு, நீங்கள் சொல்லும் சதவீதத்தில் அச்சடிக்கச் சொல்லுங்கள். வரைபடத்தில் ஓரமாக ஒரு சோதனைச் சதுரம் இருக்கும். முதல் பக்கத்தை மட்டும் எடுத்து அந்தச் சதுரத்தை ஸ்கேலால் அளந்து, சரியாக இருந்தால்தான் மீதிப் பக்கங்கள். தலைக்கவசத்துக்கு 8 முதல் 12 பக்கம் வரும்.

நெஞ்சுக்கும் முதுகுக்கும் வரைபடம் தேவையே இல்லை. பிள்ளையின் உடம்பிலிருந்தே எடுப்பது இன்னும் சுத்தமாகப் பொருந்தும்:

பழைய பனியனைப் போட்டுவிட்டு, அதன்மேல் கிளிங் ஃபிலிமை மார்பைச் சுற்றி இரண்டு சுற்று, தளர்வாக. கழுத்தைத் தொடவே கூடாது. அதன்மேல் மாஸ்கிங் டேப்பைத் துண்டு துண்டாக ஒட்டி மூடுங்கள். நீளப் பட்டையாகச் சுற்றினால் மார்பை இறுக்கிவிடும். பிறகு மார்க்கரால் நடுக்கோடு, கவசத்தின் விளிம்பு, அக்குள் வளைவு ஆகியவற்றை வரையுங்கள். முதுகு நடுவில் பனியனுக்கும் உடம்புக்கும் இடையே ஒரு அட்டைப் பட்டையைச் செருகிக்கொண்டு, மொட்டைக் கத்தரியால் பனியனோடு சேர்த்து வெட்டிக் கழற்றுங்கள். 10 நிமிட வேலை. கார்ட்டூன் ஓடும்போது செய்தால் அந்த 10 நிமிடமும் பிள்ளை அசையாது.

கழற்றிய கூட்டை நடுக்கோட்டில் இரண்டாக வெட்டி ஒரு பாதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அது தட்டையாகப் படியாத இடத்தில் ஒரு வெட்டுக் கொடுங்கள், படிந்துவிடும். அந்த வெட்டு திறக்கும் முக்கோணம்தான் ஃபோமில் நீங்கள் எடுக்க வேண்டிய ஆப்பு. பாதியைத் திருப்பிப் போட்டு மறுபாதியை வரைந்தால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கும்.

ஃபோமில் வரைய பால்பாயின்ட் பேனா. பெர்மனென்ட் மார்க்கரால் வரைந்தால் அந்த மை பெயின்டுக்கு மேலே ஊறி வரும், எத்தனை பூச்சுப் போட்டாலும்.

5. வெட்டுவது

பிளேடு கூர்மையாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஃபோம் பிளேடை வேகமாக மழுக்கும். வெட்டு ஓரம் பிசிறடிக்கத் தொடங்கியதும் ஒரு கண்ணியை உடைத்துப் போடுங்கள். ரம்பம்போல் முன்னும் பின்னும் அறுக்காமல், ஒரே திசையில், முதல் இழுப்பு லேசாக, இரண்டாவது ஆழமாக. பிளேடு நேராக நிற்க வேண்டும். சாய்ந்தால் இரண்டு துண்டு சேரும் இடத்தில் இடைவெளி விழும்.

வேண்டுமென்றே சாய்த்து வெட்டும் இடமும் உண்டு. நெஞ்சின் நடுவில் மடிப்பு முகடு வர வேண்டுமானால் இரண்டு விளிம்பையும் உள்பக்கமாக 45 பாகை சாய்த்து வெட்டி ஒட்டுங்கள். தட்டை ஷீட்டுக்கு உலோகத் தகட்டின் தோற்றம் கொடுப்பது இந்த ஒரு கோடுதான். வலது, இடது என்று ஒவ்வொரு துண்டின் உள்பக்கத்திலும் எழுதிவிடுங்கள். இரண்டு முன்கையும் ஒரே கையாகப் போய்விடுவது அடிக்கடி நடக்கும் விபத்து.

6. சூடு காட்டுவது

ஒட்டும் முன்தான் சூடு. ஒட்டிய பிறகு ஹீட் கன்னைக் காட்டினால் பசை இளகி இணைப்பு வாயைப் பிளக்கும்.

ஹீட் கன் 1,500 முதல் 2,000 வாட் வரை இழுக்கும். சுவரில் உள்ள சின்ன 6 ஆம்பியர் பிளக் பாயின்ட் தாங்குவது 1,380 வாட். சின்ன பிளக்தானே என்று அதில் மாட்டாதீர்கள். கீசருக்கோ வாஷிங் மெஷினுக்கோ இருக்கும் 16 ஆம்பியர் பாயின்டில் போடுங்கள். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் கூடவே கூடாது. ஜே.சி. ரோடு போன்ற இடங்களில் கார் ஸ்டிக்கர் ஒட்டுகிறவர்களுக்கு இது அன்றாடக் கருவி. தெரிந்தவர் இருந்தால் ஒரு நாள் இரவல் வாங்கிக்கொண்டால் அந்தச் செலவு மிச்சம்.

குறைந்த வெப்ப நிலையில் வைத்து, 10 முதல் 15 செ.மீ. தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருங்கள். ஃபோமின் மேற்பரப்பு லேசாகப் பளபளக்கும், அதுதான் அறிகுறி. உடனே தூக்கிப் பானையின் மேலோ உங்கள் தொடையின் மேலோ வளைத்து, ஆறும் வரை ஒரு நிமிடம் அப்படியே பிடியுங்கள். தொடை என்றால் தடித்த துண்டைப் போட்டுக்கொள்ளுங்கள். இந்தச் சூட்டில் மேலே உள்ள நுண்துளைகளும் மூடிக்கொள்ளும், பெயின்ட் குறைவாகச் செலவாகும். ஆகவே வளைக்காத துண்டுகளுக்கும் ஒரு முறை சூடு காட்டுங்கள். குமிழ் எழும்பினால் அதிகமாகிவிட்டது, அந்தத் துண்டு போயிற்று.

முடி உலர்த்தும் டிரையர் 5 மி.மீ. ஷீட்டுக்குப் போதாது. 2 மி.மீ. ஷீட்டை மட்டும் பட்டர் பேப்பர் வைத்து அயர்ன் பாக்ஸால் மிதமான சூட்டில் வளைக்கலாம். கேஸ் அடுப்பில் காட்டுவதை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஓரம் கருகும், புகை தொண்டையை அடைக்கும்.

7. ஒட்டுவது

மஞ்சள் பசை ஒட்டுகிற விதம் வேறு. சேர வேண்டிய இரண்டு விளிம்பிலும் மெல்லியதாகத் தடவி, தனித்தனியே 10 முதல் 15 நிமிடம் வையுங்கள். விரலால் தொட்டால் நூல் இழுக்காமல், உலர்ந்தது போல் இருக்க வேண்டும். அதன் பிறகு சேர்த்து அழுத்துங்கள். ஈரமாக இருக்கும்போதே சேர்த்துவிட்டு "ஒட்டவே இல்லை" என்று மேலும் மேலும் தடவுகிறவர்கள்தான் அதிகம். நுண்துளை அதிகமுள்ள ஓரமாக இருந்தால் முதல் பூச்சைக் குடித்துவிடும். இரண்டாவது பூச்சு போடுங்கள்.

சேர்ந்தால் சேர்ந்ததுதான், நகர்த்த முடியாது. அதனால் ஒரு முனையில் தொடங்கி, ஒவ்வொரு விரலளவாகப் பொருத்திக்கொண்டே போங்கள். நீள விளிம்புகளில் 5 செ.மீ.க்கு ஒரு குறுக்குக் கோட்டை முதலிலேயே இரண்டு பக்கமும் போட்டு வைத்தால் கோணாது.

இந்தப் பசையின் ஆவி தலை சுற்ற வைக்கும், தீயும் பிடிக்கும். மொட்டை மாடியிலோ பால்கனியிலோ வைத்து, பிள்ளை தூங்கிய பிறகு செய்யுங்கள். பக்கத்தில் சாமி விளக்கோ ஊதுபத்தியோ எரியக் கூடாது.

குளூ கன், அதாவது பசைக் குச்சியை உருக்கி ஒட்டும் கருவி, சின்ன அலங்காரங்களுக்கு மட்டும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தால் அதன் பசை இளகிவிடும். காலையில் நன்றாக இருந்த தோள் பள்ளி வாசலில் கழன்று விழுவதற்குக் காரணம் இதுதான். ஃபெவிக்விக் ஒட்டிய இடம் கண்ணாடி மாதிரி இறுகி, வளைத்ததும் விரியும். பிள்ளையின் தோலில் அந்த ஓரம் கீறும்.

8. தலைக்கவசம்

உள்சுற்று 55 முதல் 56 செ.மீ. இருக்கட்டும், அதாவது தலைச்சுற்றைவிட 4, 5 செ.மீ. கூடுதல். உள்ளே நெற்றியிலும் பின்னந்தலையிலும் ஸ்பாஞ்ச் துண்டு ஒட்டினால் ஆடாது. பெண் பிள்ளைக்குக் குதிரைவால் போட்டால் பின்பக்கம் கொஞ்சம் உயர்த்தி வெட்டுங்கள்.

கண்ணுக்கு மட்டும் கீறல் விட்ட முழு முகமூடி புகைப்படத்துக்கு அழகு. படியில் ஏறும் பிள்ளைக்கு ஆபத்து. காலடி தெரியாது, மூச்சு உள்ளேயே தங்கி வேர்க்கும், மைக்கில் பேசினால் குரல் வெளியே வராது. என் சிபாரிசு: நெற்றியும் கன்னமும் மட்டும் மூடி, புருவத்திலிருந்து தாடை வரை திறந்த கவசம். முகமூடி இல்லாமல் அந்த நாயகன் அடையாளமே தெரியாது என்றால், முகத் தகட்டைத் தனியாகச் செய்து நெற்றியில் வெல்க்ரோவால் மாட்டுங்கள். மேடைக்குப் போகும்போது ஒட்டி, இறங்கியதும் எடுத்துவிடலாம். தாடைக்கடியில் பட்டி கட்ட வேண்டாம்.

9. பூச்சு

சூடு காட்டிய ஃபோமின்மேல் வெள்ளை ஃபெவிகாலைச் சம அளவு தண்ணீரில் கரைத்து 3 அல்லது 4 பூச்சு, ஒவ்வொன்றுக்கும் இடையில் அரை மணி நேரம். மெல்லியதாகப் போடுங்கள், தடித்துப் போனால் வளையும் இடங்களில் பாளம் பாளமாக வெடிக்கும். இதைத் தவிர்த்துவிட்டு நேரடியாகப் பெயின்ட் அடித்தால் ஃபோம் அதைக் குடித்து, திட்டுத் திட்டாக நிற்கும்.

பெயின்டில் இரண்டு வழி. அக்ரிலிக்கைப் பிரஷ்ஷால் அடிப்பது மெதுவான வேலை, ஆனால் நாற்றம் இல்லை. வளையும் பகுதிகளுக்கு அதில் கொஞ்சம் ஃபெவிகால் கலந்தால் விரியாது. ஸ்ப்ரே வேகமாக முடியும், பளபளப்பும் கூட. அசையாத நெஞ்சுத் தகட்டுக்கும் தலைக்கும் அது சரி; காலுக்கும் கைக்கும் அக்ரிலிக்கே நல்லது. ஸ்ப்ரேயை 20, 25 செ.மீ. தள்ளிப் பிடித்து, மூன்று மெல்லிய பூச்சு, இடையில் 15 நிமிடம்.

தங்க நிறம் அடிக்கப் போகிறீர்களா? அடியில் கறுப்பு அடியுங்கள். வெள்ளைமேல் அடித்தால் மஞ்சள் சுவர் போலத் தெரியும்.

எல்லாம் காய்ந்தபின் பழைய பிரஷ்ஷில் வெள்ளி நிறத்தைத் தொட்டு, செய்தித்தாளில் முக்கால்வாசியைத் துடைத்துவிட்டு, விளிம்புகளில் மட்டும் உரசுங்கள். அடிபட்டுத் தேய்ந்த இரும்பு வந்துவிடும். இதற்கு ஆகும் நேரம் 20 நிமிடம். மொத்த வேலையில் இவ்வளவு குறைந்த உழைப்புக்கு இவ்வளவு பலன் தருவது வேறில்லை.

குழந்தைகள் தினத்துக்காகச் செய்கிறவர்கள் வானத்தைப் பாருங்கள். அக்டோபரில் பெங்களூருவில் மழை விடாது. ஈரக் காற்றில் ஸ்ப்ரே அடித்தால் மேலே வெண்புகை படிந்தது போல மங்கும். மழை இல்லாத நாளில் காலை 11 முதல் மாலை 3 மணிக்குள் அடித்து முடியுங்கள். நவம்பர் 1 ராஜ்யோத்சவ விடுமுறை. தீபாவளியும் அதை ஒட்டி வந்தால் பேட்டைக் கடைகளில் நெரிசலும் அடைப்பும் மாறி மாறி இருக்கும். வாங்குவதை அக்டோபர் மூன்றாம் வாரத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

நிகழ்ச்சிக்கு 4 நாள் முன்பே பெயின்ட் முடிந்திருக்க வேண்டும். தாமதமானால், தொட்டால் காய்ந்தது போல் இருக்கும், ஆனால் உடம்புச் சூட்டில் பிசுபிசுக்கும், நாற்றமும் போயிருக்காது.

10. மாட்டும் பட்டிகள்

பின்பக்கம் பசையோடு வரும் வெல்க்ரோ ஈவாவில் நிற்காது, அதுவும் வேர்வை பட்டால். தைக்கும் வகை வெல்க்ரோவை வாங்கி, மஞ்சள் பசையால் ஒட்டி, நான்கு மூலையிலும் ஊசியால் இரண்டு தையல் போடுங்கள்.

நெஞ்சும் முதுகும்: தோளில் இரண்டு பக்கமும் 6 செ.மீ. எலாஸ்டிக், நிரந்தரமாக. விலாவில் ஒரு பக்கம் எலாஸ்டிக், மறுபக்கம் வெல்க்ரோ. அந்த ஒரு வெல்க்ரோவைத் திறந்தால் கவசம் முழுவதும் தலைவழியாக வந்துவிட வேண்டும்.

தோள் தகடு: நெஞ்சுக் கவசத்தின் எலாஸ்டிக்கில் தொங்கட்டும். கவசத்தோடு நேராக ஒட்டிவிட்டால் பிள்ளை கையைத் தூக்கும்போது மொத்தமும் காது வரை ஏறும்.

முன்கை: குழாயாக மூடிவிட்டால் பிள்ளையின் கை நுழையாது, ஏனென்றால் மூடிய கைமுட்டி மணிக்கட்டைவிடப் பெரிது. உள்பக்கம் திறந்து விட்டு, இரண்டு எலாஸ்டிக் பட்டி.

கணைக்கால் தகடு: முட்டிக்கு இரண்டு விரற்கடை கீழே தொடங்கிக் கணுவுக்கு இரண்டு விரற்கடை மேலே முடியட்டும், பின்பக்கம் எலாஸ்டிக். ஷூ மூடியைப் பிடிக்கும் எலாஸ்டிக் பாதத்தின் நடுப்பள்ளத்தில், குதிகாலுக்குச் சற்று முன்னால் வர வேண்டும். மிதிபடும் இடத்தில் வந்தால் வழுக்கும்.

தொடைக்கும் இடுப்புக்குக் கீழும் எதுவும் வேண்டாம். பெல்ட்டை வெல்க்ரோவில் வையுங்கள், பாத்ரூம் பிரச்சினை தீர்ந்தது. மேலங்கி உண்டென்றால் கழுத்தில் கட்டாமல் இரண்டு தோளிலும் வெல்க்ரோ. எங்காவது மாட்டி இழுபட்டால் துணி கழன்று வர வேண்டும்.

11. நெஞ்சில் விளக்கு, விருப்பப்பட்டால்

சிஆர் 2032 போன்ற பொத்தான் பேட்டரியைப் பிள்ளையின் உடுப்பில் வைக்கவே வைக்காதீர்கள். விழுங்கிவிட்டால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துவிடும். எஸ்.பி. ரோட்டில் இரண்டு ஏஏஏ செல் போடும், ஸ்விட்ச் வைத்த, திருகு போட்டு மூடும் பெட்டி கிடைக்கும். 50 ரூபாய்க்குள் முடியும்.

இரண்டு சாதாரண செல் 3 வோல்ட். வெள்ளை எல்இடிக்கு ஏறக்குறைய அதே அளவுதான் தேவை என்பதால் ஒவ்வொன்றுக்கும் 10 முதல் 47 ஓம் ரெசிஸ்டர் போதும். சிவப்பு எல்இடிக்கு 2 வோல்ட்தான், ஆகவே 68 ஓம். ரீசார்ஜ் செல் போட்டால் இரண்டும் சேர்ந்து 2.4 வோல்ட், வெள்ளை விளக்கு மங்கலாக எரியும் அல்லது எரியவே எரியாது. மூன்று எல்இடிக்கு மேல் வேண்டாம். முன்னால் தயிர் டப்பாவின் பால்நிற மூடியை வட்டமாக வெட்டி வைத்தால் ஒளி ஒரே சீராகப் பரவும். பெட்டியைக் கவசத்தின் உள்பக்கம் துணிப் பைக்குள் வைத்து மேலே ஒரு பனியன் துணியை ஒட்டிவிடுங்கள், தோலில் படாமல். சால்டரிங் தெரியாதவர்கள் ஏஏ செல்லில் ஓடும் சீரியல் விளக்குச் சரத்தைச் சுருட்டி வைத்துவிடலாம்.

12. ஒத்திகை

நிகழ்ச்சிக்கு மூன்று நாள் முன்பு முழுதாக மாட்டிவிட்டு 20 நிமிடம் விடுங்கள். தரையில் உட்கார்ந்து எழட்டும், படியில் இறங்கட்டும், கையைத் தலைக்கு மேல் தூக்கட்டும், பாத்ரூம் போய் வரட்டும். சிவந்து தடம் விழுந்த இடமெல்லாம் விளிம்பைச் சீவ வேண்டிய இடம். அங்கே 2 மி.மீ. ஃபோமில் ஒரு மடிப்பு ஒட்டினாலும் போதும். உங்களைத் தவிர இன்னொருவர், பாட்டியோ ஆயாவோ, கவசத்தை மாட்டிக் கழற்றிப் பார்க்கட்டும். 30 வினாடிக்குள் கழற்ற முடியாவிட்டால் பட்டியை மாற்றுங்கள். பள்ளியில் மாட்டிவிடப் போகிறவர் நீங்கள் இல்லை.

அன்றைய பையில்: மாற்றுச் செல் இரண்டு, 30 செ.மீ. எலாஸ்டிக், ஊசி நூல், கறுப்பு இன்சுலேஷன் டேப், ஈரத்துண்டு, தண்ணீர் பாட்டில், மாற்று பனியன். குளூ கன் வேண்டாம். பள்ளியில் பிளக் பாயின்ட் தேடி அலைய நேரமிருக்காது.

கவசத்தை அட்டைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோங்கள். ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினால் பெயின்ட் ஒட்டிப் பிரியும்போது தோலோடு வரும். இடையில் பட்டர் பேப்பர் போடுங்கள். நிகழ்ச்சி முடிந்தபின் செல்களை அன்றைக்கே கழற்றிவிடுங்கள், ஒழுகினால் பெட்டி வீண். கவசத்தை வெயில் படாத அலமாரியில் நிமிர்த்தி வையுங்கள். மேலே எதையாவது வைத்து அழுத்தினால் நெஞ்சு தட்டையாகிவிடும். தட்டையானாலும் உள்பக்கமிருந்து லேசாகச் சூடு காட்டி மறுபடி வளைக்கலாம், பெயின்ட் பக்கம் காட்டாமல். அடுத்த ஆண்டு பிள்ளை 6, 7 செ.மீ. வளர்ந்திருக்கும், விலா எலாஸ்டிக்கையும் முன்கைப் பட்டியையும் மாற்றினால் இன்னொரு முறை போடலாம். தலைக்கவசத்தில் ஸ்பாஞ்சைக் கொஞ்சம் மெல்லியதாக்கினால் சரியாக இருக்கும்.